பூ வைக்க வேண்டிய தலை

உமைரா அன்று காலை வாசல் சாக்கடையில் துப்பிக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தவள் நான்தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என் மாவுக்கடைப் பலகையும் அவர்கள் வீட்டு வாசலும் எதிரெதிரே. நடுவில் இருப்பது ஓர் ஆள் குடையை விரித்து நடக்க முடியாத சந்து. கிரைண்டர் ஓடும்போது காது அடைத்துவிடும். கண்ணுக்கு மட்டும்தான் வேலை.

துப்பிவிட்டு நிமிர்வாள். முக்காட்டு ஓரத்தால் வாயைத் துடைப்பாள். உள்ளே போவாள். நான் ஒரு டப்பா மாவு அள்ளி மூடுவதற்குள் மறுபடி வந்து குனிவாள். ரமலான் மாதம். நோன்பு பிடிக்கிறவர்களில் சிலர் தங்கள் எச்சிலைக்கூட விழுங்க மாட்டார்கள். அதெல்லாம் தேவையில்லை என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் மைக்கிலேயே சொல்லிப் பார்த்துவிட்டார். பக்கத்து வீட்டு மதீனா பீவி அந்தக் கட்சி. நோன்பு மாதம் முழுக்கத் துப்புவதற்கென்றே ஒரு டப்பாவோடு நடமாடுவாள். தன் கட்சிக்கு ஆள் சேர்ந்ததில் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பேகம், ஒம் மவளப் பாத்தியா? எச்சியக்கூட முழுங்காம நோன்பப் பேணுதா. கல்யாணம் நெருங்குதுல்லா, பிள்ளைக்குப் புத்தி வந்துட்டு," என்றாள் வாசலில் நின்று.

உள்ளே பேகம் பாத்திரம் உருட்டும் சத்தம்தான் வந்தது. நான் என் பங்குக்கு, "மாமியாகிட்ட இப்பவே நல்ல பேரு வாங்கப் பாக்குதா," என்று ஒன்றைத் தூக்கிப் போட்டேன். சந்து சிரித்தது. உமைராவும் சிரிக்கப் பார்த்தாள். அதற்குள் வாயில் எச்சில் நிறைந்துவிட்டது.

பின்னால் தெரிந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். மர்மம் வைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

அவள் தலையில் விஷம் இருந்தது. வைத்தவள் அவளைப் பெற்ற பேகம்.

உமைராவை விக்ரோலியில் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வாசிம், கூரியர் கோடவுனில் சூப்பர்வைசர். அவன் அம்மா சஃபீனா பெண் பார்க்க வந்த அன்று கையோடு தண்ணீர் பாட்டில் கொண்டு வந்தவள். நாற்காலியில் உட்காரும் முன் அதன் அடியில் விரலை ஓட்டிப் பார்த்தவள். "தாராவியில தண்ணி கரெக்டா வராதாமே. பிள்ளை எப்படித் தலைக்கு ஊத்துறா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சமோசாவைக் கடித்தவள். அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. மாமியார் தன் கையாலேயே மருமகளின் கூந்தலை அவிழ்த்து, சீவி, பின்னிப் பூ வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நோன்பு திறக்கவும், பெருநாள் உடுப்பு கொடுக்கவும், பூ வைக்கவும் வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

உமைரா தலையிலோ பேன் பெருங்கூட்டமாகக் குடியிருந்தது. டியூஷன் பிள்ளைகளோடு தலையைச் சேர்த்து வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததில் வந்தது. சொறிந்து சொறிந்து மண்டைத் தோலே புண்ணாகிக் கிடந்திருக்கிறது. சஃபீனாவின் சீப்பில் அது வந்து விழுவதை நினைத்து நினைத்து பேகத்துக்குத் தூக்கமில்லை. சீப்பு, வேப்பெண்ணெய், மெடிக்கலில் விற்கும் ஷாம்பு எல்லாம் போட்டும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை விடியுமுன் சஹர் சாப்பாடு முடிந்ததும் கட்டிலடியிலிருந்து செல்லப்பாண்டியின் பாட்டிலை எடுத்தாள்.

செல்லப்பாண்டி சைக்கிளில் வருவான். பினாயில், ஆசிட், மூட்டைப்பூச்சி மருந்து, எல்லாம் பழைய தண்ணீர் பாட்டில்களில். எது எது என்பதை மூடியின் நிறத்தை வைத்துத்தான் அவனே கண்டுபிடிப்பான். மருந்தில் என்ன கலந்திருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "பூச்சி கேக்கலியே, ஒங்களுக்கு என்ன?" என்றான். மருந்து மட்டும் பொய்யில்லை. கட்டில் இடுக்கில் விட்டால் பூச்சி நடந்த இடத்திலேயே மல்லாந்துவிடும். மூட்டைப்பூச்சியைக் கொல்வதற்குப் பேன் எம்மாத்திரம் என்பது பேகத்தின் கணக்கு. தேங்காய் எண்ணெயில் கலக்கி, அடிமுடி வரை தேய்த்து, வாடை வெளியே வராதபடி ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, மேலே துணியை இறுக்கிக் கட்டி, அதன் மேல் முக்காட்டையும் போட்டுவிட்டாள். ஒரு பகல் ஊறட்டும், நோன்பு திறந்ததும் அலசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

மத்தியானம் உமைரா வாந்தி எடுத்தாள். வயிறு போயிற்று. மே மாத வெயிலில் நிற்பவளைப் போல வியர்த்தது. என் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெரியம்மா, கண்ணுக்குள்ள புகை மாதிரி இருக்கு. ஒங்க முகம் ரெண்டாத் தெரியுது."

"ஒரு முகத்தையே சந்து தாங்கலன்னு ஒங்க பெரியப்பா சொல்லுவாரு. உள்ள போய்ப் படு மக்கா," என்றேன்.

பேகம் அவளை முனை கிளினிக் நாகராஜிடம் அழைத்துப் போனாள். துணைக்கு நானும் போனேன். கூப்பிடவில்லை, ஆனாலும் போனேன். நாகராஜ் டாக்டர் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். யார் போனாலும் அவரிடம் மூன்று வியாதிதான் உண்டு: வாயு, வெயில், கவலை. நாக்கை நீட்டச் சொன்னார். வயிற்றை அமுக்கினார். கண்ணைப் பார்க்கவில்லை.

"நோன்பு, வெயிலு, வெறும் வயிறு. அசிடிட்டி ஏறியிருக்கு. நோன்ப முறிச்சிட்டு உப்புச் சர்க்கரைத் தண்ணி குடி," என்றவர், பேனாவை மூடியபடி பேகத்திடம் கேட்டார், "பிள்ளைக்கு மாசாமாசம் ஒழுங்கா வருதுல்லா?"

பெஞ்சில் காத்திருந்தவர்கள் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நாங்கள் வீடு திரும்புவதற்கு முன்னாலேயே அந்தக் கேள்வி சந்துக்குள் நடந்து வந்து சேர்ந்திருந்தது. காலையில் நோன்பைப் பேணிய பிள்ளை சாயங்காலம் வாந்தி எடுக்கிற பிள்ளையாகிவிட்டாள். மதீனா பீவி தன் டப்பாவோடு வீட்டுக்குள் போய்விட்டாள்.

பேகத்துக்கு மருந்தின் மேல் சந்தேகமே வரவில்லையா என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தலைக்குப் போட்டது வயித்துக்கு எப்படிக்கா போவும்?" சிரிக்க வேண்டாம். நாம் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

உமைரா நோன்பை முறிக்கவுமில்லை. இத்தனை நேரம் இருந்துவிட்டேன், இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று பிடிவாதம். பள்ளிவாசலில் பாங்கு சொன்னபோது கையில் பேரீச்சம்பழத்தோடு அப்படியே சரிந்தாள். வாயில் நுரை. மூச்சில் கொர் கொர் என்று சத்தம். கை கால் தோலுக்கடியில் சதை தனித்தனியாகத் துடித்தது; உள்ளே எதுவோ நெளிகிற மாதிரி. அவள் வாப்பா ஜெயினுலாப்தீன் மாடியில் இருக்கும் தன் பெல்ட் பட்டறையிலிருந்து கையில் ஒட்டிய சொல்யூஷனோடு ஓடிவந்து, மகளைத் தூக்கி டாக்சியில் போட்டார். நானும் ஏறிக்கொண்டேன். பேகத்துக்கு ஹிந்தி வராது. மேலப்பாளையத்திலிருந்து கட்டி வந்தவள், இத்தனை வருஷமும் எங்கள் சந்துத் தமிழிலேயே காலத்தை ஓட்டிவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. நாகராஜ் செய்யாததை அவள் முதலில் செய்தாள். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள். கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருந்தது. நாடியைப் பிடித்தாள். இப்படி வியர்த்து இரைக்கிறவளுக்கு ஓட வேண்டிய நாடி, நடந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து ஒரே கேள்வி.

"க்யா பியா?"

"என்ன குடிச்சான்னு கேக்காங்க," என்றேன்.

"நோன்பாளிம்மா," என்றார் ஜெயினுலாப்தீன். "பச்சத் தண்ணி பல்லுல படல."

நான் சொன்னேன். டாக்டரம்மா கேட்டுக்கொண்டாள். இது பூச்சி மருந்து, எனக்குச் சந்தேகமில்லை என்றாள். பூச்சி மருந்து குடித்த ஒவ்வொரு பிள்ளையின் அப்பாவும் பச்சைத் தண்ணீர் படவில்லை என்றுதான் சொல்வார் போலிருக்கிறது. அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். தண்ணீர் போன மாதிரியே தண்ணீர் வந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு நெற்றி சுருங்கியது. குனிந்து மோந்தாள்.

"மண்ணெண்ணெய் மாதிரி வாடை வருதே?"

ஜெயினுலாப்தீன் தன் இரண்டு கையையும் நீட்டினார். தோல் ஒட்டும் சொல்யூஷன் வாடை. சட்டையில், தலையில், வீட்டுச் சோற்றில்கூட அந்த வாடைதான். "எங்க குடும்பத்துக்கே இந்த மணம்தான் டாக்டர்," என்றார். பொய்யில்லை. பேகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டில், மருந்து, பேன் எதுவும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

உடம்பில் பட்டிருந்தாலும் படலாம் என்று நர்ஸ் உடுப்பை மாற்றி, ஈரத்துணியால் கை காலைத் துடைத்தாள். தலைக்கு வந்தபோது பேகம் இரண்டு கையாலும் மகளின் முக்காட்டைப் பொத்திக்கொண்டாள்.

"தலையத் தெறக்காதிய. நிச்சயமான பிள்ள. தலையத் தெறக்காதிய."

போன மாதம்தான் அந்த வார்டில் இதே விஷயமாக யாரோ சண்டை போட்டு, பெரிய டாக்டர் வரை போயிருந்ததாம். நர்ஸ் நல்லவள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி கையை எடுத்துக்கொண்டாள். பேகத்தின் மார்க்கப் பற்றை நானே அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன். வாசலில் தலை விரித்து ஈர் உருவிக்கொண்டு உட்கார்ந்தவள்தான் அவள்.

கண்மணியை விரிய வைக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். வாய் காய்ந்தது, நாடி ஏறியது, உமைரா கண் திறந்து "உம்மா, தண்ணி" என்றாள். ஜெயினுலாப்தீன் வராந்தாவிலேயே நெற்றி தரையில் பட சுஜூதில் விழுந்தார். விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மறுபடி எச்சில், மறுபடி நுரை. மறுபடி ஊசி, மறுபடி தேறல், மறுபடி சரிவு. நடுவில் ஒருமுறை கையைத் தூக்கித் தலையைத் தொட்டு "எரியுது" என்றாள். தலைவலி என்று எழுதிக்கொண்டார்கள்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "உள்ளே போனது நேரம் ஆக ஆகக் குறையணும். இவளுக்குக் கூடுது. யாரோ திரும்பத் திரும்பக் கொடுக்கறாங்க. பக்கத்துல யார் இருக்கறது?"

பக்கத்தில் இருந்தது பேகம் மட்டும்தான். முக்காட்டைப் பொத்திக்கொண்டு.

ஒரு போலீஸ்காரர் வந்து கட்டில் காலடியில் நின்றார். பெற்றவளை வெளியே போகச் சொன்னார். பேகம் நகரவில்லை. சரியாக அந்த நேரத்துக்கு, கேள்விப்பட்டு, விக்ரோலியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். சஃபீனா முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி, வாசிம் கையில் ஹெல்மெட்டோடு.

"பிள்ளைக்கு என்ன பேகம்? என்னென்னமோ சொல்றாங்களே," என்றாள் சஃபீனா.

பேகம் போலீஸ்காரரைப் பார்த்தாள், சஃபீனாவைப் பார்த்தாள், கட்டிலில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள். சொல்லி முடித்து, "மெதுவாச் சொல்லுங்கக்கா," என்றாள்.

முதலில் எனக்கே விளங்கவில்லை. விளங்கியதும் டாக்டரம்மா பக்கம் திரும்பினேன். என் குரல் சந்து முனை வரை மாவு விற்ற குரல்; மெதுவாகச் சொல்ல அதற்குத் தெரியாது.

"டாக்டர், ஜூ கா தவாய். சர் மே லகாயா. கட்மல் மார்னே வாலா."

பேன் மருந்து, தலையில், மூட்டைப்பூச்சிக்கானது. வார்டு முழுக்கக் கேட்டது. சஃபீனாவின் முந்தானை மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கியது.

டாக்டரம்மா பேகத்தைத் திட்டவில்லை. கத்தரிக்கோல் கேட்டாள். துணியை வெட்டி உள்ளே இருந்த பிளாஸ்டிக் பையை உருவியபோது வந்த காந்தலில் எனக்குக் கண்ணீர் முட்டியது. பெருநாள் துணி எடுத்த கடைப் பை. தங்க எழுத்தில் கடைப் பெயர், ஈத் முபாரக். டாக்டரம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். பிறகு கூந்தலை வழித்தெடுத்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவினார்கள், மறுபடி கழுவினார்கள். புண்ணாகிக் கிடந்த தோல் வழியாக இத்தனை நேரமும் அது சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு பக்கம் ஊசி போடப் போட மறுபக்கம் அம்மா பொத்திப் பிடித்திருக்கிறாள்.

மூச்சுக்குக் குழாய் போட்டு வைத்திருந்தார்கள். பிறகு எடுத்தார்கள். பெருநாள் ஆஸ்பத்திரியிலேயே போயிற்று. உமைரா மொட்டைத் தலையோடும், நிற்காத கழுத்தோடும், தள்ளாட்ட நடையோடும் வீடு வந்தாள்.

உயிரோடு வந்தாள். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் எங்கள் சந்துக்கு நடந்தது போதவில்லை.

"பேனுக்கு மருந்து போட்டு யாராச்சும் சாவக் கெடப்பாளா? எங்க உம்மா மண்ணெண்ணெயே தேப்பா எனக்கு," என்றாள் மதீனா பீவி. "அவ குடிச்சிருக்கா. எவனுக்காவோ குடிச்சிருக்கா. தாயி மூடி மறைக்கா."

நாகராஜ் கேட்ட கேள்வி, வாந்தி, போலீஸ், எல்லாம் அந்தக் கதையில் கச்சிதமாகப் பொருந்தின. பேன் மட்டும் எதிலும் பொருந்தவில்லை. நான் கண்ணால் பார்த்ததை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் கடைக்கு வந்த ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு, மாவை வாங்கிக்கொண்டு, "ஒங்களுக்கு பேகம் எவ்வளவு வேண்டியவன்னு எங்களுக்குத் தெரியாதாக்கா?" என்று போனார்கள். என் வாயிலிருந்து வந்த கலப்படமில்லாத ஒரே செய்தியை இந்தச் சந்து நம்பவில்லை.

சஃபீனா போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். ஆனால் ஒரு சாயங்காலம் வாசிம் தனியாக வந்தான். நல்ல பையன்தான், அதுதான் விசேஷம். நாற்காலியின் அடியில் விரல் ஓட்டாமல் உட்கார்ந்தான். வாசல் திறந்திருந்தது. நான் கிரைண்டரை நிறுத்தினேன்.

"இதப் பாரு உமைரா," என்றான். "நான் பழைய காலத்து ஆளு இல்ல. எல்லார் லைஃப்லயும் முன்னாடி ஏதாவது இருக்கும். எனக்கு அதுல டென்ஷன் இல்ல. எங்க அம்மியை நான் மனா லேத்தா, சம்மதிக்க வச்சிடுவேன். யாருன்னு மட்டும் சச் சச், உண்மையைச் சொல்லிடு. மாஃப் பண்ணிடறேன்."

"பேன் மருந்துதான்," என்றாள் உமைரா. குழாய் போட்ட தொண்டை; குரல் கரகரவென்றிருந்தது.

"அது அம்மிக்குச் சொல்ற கதை. எனக்குச் சொல்லு."

"அதான் சொல்லுதேன்."

"நான்தான் மாஃப் பண்றேன்னு சொல்றேன்ல. அப்புறம் எதுக்கு ஜூட், பொய்?"

திரைக்குப் பின்னாலிருந்து பேகம் வெளியே வந்தாள். மகளின் தோளைத் தொட்டாள். "ஏளா, ஏதாவது ஒரு பேரச் சொல்லிட்டுப் போயேன். அவருதான் மன்னிக்கேங்காருல்லா. சொன்னா என்ன கொறஞ்சிரும்?"

உமைரா அம்மாவைப் பார்த்தாள். பேன் என்று சொல்ல மாட்டாமல் மகளைச் சாகக் கொடுக்கவிருந்தவள், இல்லாத ஒருத்தனைச் சொல்லச் சொல்கிறாள். தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அரும்பு முடிக்கு நடுவில் புண் ஆறிய தழும்புகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன.

"பேருதான வேணும்? மருந்து வித்தது செல்லப்பாண்டி. வாங்கித் தேச்சது எங்க உம்மா. சீவிப் பூ வைக்க வாரேன்னது ஒங்க உம்மா. இதுல யாரை மன்னிக்கப் போறிய?"

வாசிம் எழுந்தான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, "இவ்வளவு பண்ணிட்டும் திமிரு போகல பாருங்க," என்று மூலையில் உட்கார்ந்திருந்த ஜெயினுலாப்தீனிடம் சொன்னான். அவர் தன் விரலில் ஒட்டிய சொல்யூஷனை உரித்துக்கொண்டிருந்தார். பைக் சத்தம் தொண்ணூறு அடி ரோடு வரை போய்த் தேய்ந்தது. அவன் மன்னிக்க வந்ததும், அவள் மன்னிப்பை உதறியதும் இருட்டுவதற்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. குற்றம் இல்லாதவளாக இருந்தால் இப்படிப் பேசுவாளா என்று தீர்ப்பும் ஆகிவிட்டது. இந்தத் தடவை நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து உமைரா முக்காடு போடாமல் வாசற்படியில் உட்காருகிறாள். டியூஷனுக்கு ஒரு பிள்ளையையும் அனுப்புவதில்லை. பேகம் அவளோடு பேசுவதில்லை. "ஒரு பேரு, ஒரே ஒரு பேரு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்," என்று என்னிடம்தான் புலம்புகிறாள்.

கொஞ்ச நாள் தலைமறைவாக இருந்த செல்லப்பாண்டி நேற்று வந்தான். மணி அடித்துக்கொண்டே சந்துக்குள் சைக்கிளைத் தள்ளிவந்தவன், படியில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் மணி அடிப்பதை நிறுத்திவிட்டான். உமைரா அவனையே பார்த்தாள். பாட்டிலோடு வெளியே வந்த பெண்கள் அப்படியே உள்ளே போனார்கள். ஒருத்தியும் வாங்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை முனை திருப்பிக் குழாயடிப் பக்கம் போனான்.

மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டுக் கட்டிலிலும் மூட்டைப்பூச்சி படையெடுக்கும். நான் மாவுக் கடையைச் சாத்திவிட்டு, பாட்டிலை முந்தானைக்குள் செருகிக்கொண்டு, உமைரா பக்கம் திரும்பாமல், பின் சந்து வழியாகக் குழாயடிக்குப் போனேன். சந்தே அங்கே வரிசையில் நின்றது. எனக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

பேகம்.

"கட்டிலுக்குத்தான்க்கா," என்றாள், நான் கேட்காமலேயே.